மெசேஜ் யாரு போனுக்குப் போகுது?

எங்க பி.எச்.சி.க்கு செக்கப்புக்கு வர்ற பொண்ணுங்க நிறைய பேர் போன்ல இப்போ ஒரு பிரெக்னன்சி ஆப் இருக்கு. வாரா வாரம் குழந்தை எந்தப் பழம் சைஸ்னு படம் போடும், ஒரு தடவை பப்பாளி படம் வந்துடுச்சு, பாத்துட்டு மாமியார் "இந்த போன் பப்பாளி திங்கச் சொல்லுதா"னு ஒரே சண்டை.

அந்த வாரக் கணக்கே நீங்க கொடுக்குற கடைசி பீரியட்ஸ் தேதியை வச்சுதான். அதுல இருந்து 280 நாள் கூட்டி டியூ டேட் காட்டும், 28 நாளுக்கு ஒருதடவை ஒழுங்கா பீரியட்ஸ் வர்றவங்களுக்கு அது ஓகே. 40 நாளுக்கு ஒருதடவை வர்றவங்களுக்கு கிட்டத்தட்ட 12 நாள் முன்னாடியே டேட் தாண்டிடுச்சுனு சொல்லி பயமுறுத்தும். அதனால முதல் மூணு மாசத்துக்குள்ள எடுத்த ஸ்கேன்ல என்ன டேட் இருக்கோ அதை ஆப்ல மாத்திக்கோங்க.

கர்ப்பிணிகளுக்கு போன்ல ஆலோசனை சொல்ற மத்திய அரசோட கில்காரி திட்டம் 2016-ல வந்தப்போ அதை ஆப்பா பண்ணல, வாரம் ஒரு வாய்ஸ் காலா பண்ணாங்க, நாலாவது மாசத்துல இருந்து குழந்தைக்கு ஒரு வயசு ஆகுற வரைக்கும் மொத்தம் 72 கால். படிக்கத் தெரியாதவங்களும் சாதா பட்டன் போன்லயே கேக்கலாம், நல்ல யோசனைதான். ஆனா அந்த கால் போறது பதிவு பண்ணப்போ கொடுத்த நம்பருக்கு. நம்ம ஊர்ல பிக்மி நம்பருக்கு, அதாவது கர்ப்பத்தை அரசுகிட்ட பதியுற நம்பருக்கு, பதியும்போதும் இதே கதைதான், பாதி நேரம் புருஷன் நம்பர்தான் தருவாங்க.

ஒரு பொண்ணு, ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்கு வந்துடுச்சு, புருஷன் திருப்பூர்ல பனியன் கம்பெனி. செக்கப் மெசேஜ், நர்ஸம்மா போட்ட போன் எல்லாம் திருப்பூருக்கே போயிருக்கு, அவரு நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்கிட்டு இருந்திருக்காரு. 35-வது வாரத்துல தலைவலி, கண்ணு மங்கலா தெரியுதுனு வந்துச்சு, பிபி 160/110. "காலு வீங்கினா சகஜம்னு ஆப்ல போட்டிருந்துச்சு டாக்டரம்மா"ங்குது. வீக்கம் மட்டும்னா பெரும்பாலும் சகஜம்தான், கூடவே விடாத தலைவலி, கண்ணு மங்கறது, மேல் வயித்து வலி இருந்தா ஒரு நிமிஷம்கூட வெயிட் பண்ணக் கூடாது, 108-ஐக் கூப்பிடணும். 140/90 தொட்டாலே நாங்க விடமாட்டோம். வலிப்பு வராம இருக்க மெக்னீசியம் ஊசி போட்டு ஜி.எச்.சுக்கு அனுப்பினோம், தாயும் பிள்ளையும் தப்பிச்சாங்க.

இன்னொண்ணு, வயித்துல போனை வச்சா குழந்தையோட ஹார்ட் பீட் கேக்கும்னு சில ஆப் வருது. போன் மைக்ல அதை நம்பகமா கேக்கவே முடியாது, குழந்தை அசைவு குறைஞ்சா மாதிரி இருந்தா இதைப் பாத்து நிம்மதியாகி வீட்லயே படுத்துடாதீங்க, நேரா ஆஸ்பத்திரி வாங்க.

இப்பல்லாம் பதிவு பண்ணும்போதே "இது யாரு போன்மா, பகல்ல யாரு கையில இருக்கும்?"னு கேட்டுடுறேன், அம்மா வீட்டு நம்பரையும் அட்டையில எழுதிடுறோம். போன வாரம் ஒரு பொண்ணு "என் நம்பர்தான்"னு அடிச்சுச் சொல்லுச்சு, சும்மா போட்டுப் பாத்தேன், வெளிய பெஞ்சுல உக்காந்திருந்த மாமியாரோட சுருக்குப் பையில மணி அடிக்குது.