விந்தணுக் கொடை

பிறர் குழந்தை பெறுவதற்காக ஓர் ஆண் தன் விந்தணுவைத் தருவது, பேச்சிலும் செய்தியிலும் 'விந்து தானம்' என்றே புழங்குகிறது. இரண்டும் வடசொற்கள். துளி எனப் பொருள்படும் 'பிந்து' தமிழில் விந்து ஆனது. ஆங்கிலத்தில் வழங்கும் 'ஸ்பெர்ம்' விதையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

விந்து நீர்மம், விந்தணு அதில் நீந்தும் உயிரணு. 1677இல் டச்சு ஆய்வாளர் லேவன்ஹூக் நுண்ணோக்கியில் கண்டு எழுதிய பிறகே அந்த அணுவை உலகம் அறிந்தது. விந்து இயல்பாக வெளிப்பட்டும் அதில் ஓர் அணுகூட இல்லாத ஆண்கள் ஏறத்தாழ நூற்றில் ஒருவர். இவர்களில் பெரும்பாலோருக்குத் தாம்பத்திய உறவில் எந்தக் குறையும் இராது. ஆனாலும் 'ஆண்மைக் குறைவு' என்ற பட்டம் வந்து ஒட்டிக்கொள்கிறது. உறவு கொள்ளும் திறன் வேறு, கருவளம் வேறு. இந்த இரண்டையும் குழப்பியதால் விளைந்த கேடு கொஞ்சநஞ்சமல்ல. கணவன் ஒரு எளிய விந்துப் பரிசோதனைக்குக் கூசி நிற்க, மனைவி ஆண்டுக்கணக்கில் ஊசியும் மருந்துமாக அலைகிறாள். 'மலடி' என்ற வசையும் அவளுக்கே. குழந்தையில்லாத் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது.

ஆகவே 'விந்தணு' என்று துல்லியமாகச் சொல்வதே நல்லது. தானத்துக்குக் கொடை. குருதிக் கொடை ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. பெண் தருவது கருமுட்டைக் கொடை. பல நாடுகளில் பணம் தரப்படுகிறதே, அது எப்படிக் கொடையாகும் என்று கேட்பவர்கள் உண்டு. முறையான விந்தணு வங்கி வழியாகத் தருபவர் பிறக்கும் குழந்தைமீது தந்தை என்ற உரிமையையும் விட்டுக்கொடுக்கிறார். அந்த அளவில் கொடை என்பது பொருந்தும் என்றே கருதுகிறேன். அவர் கொடையாளர். 'உண்மையான அப்பா யார்?' என்ற கேள்வி, இரவெல்லாம் விழித்து வளர்த்தவரைப் பொய்யாக்கிவிடுகிறது.

'செயற்கைக் கருத்தரிப்பு' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அணுவும் முட்டையும் சேர்வதற்கு மருத்துவர் துணை செய்கிறார். கருவில் செயற்கை ஏதுமில்லை. 'துணைக் கருத்தரிப்பு' போதும்.

கொடையாக வந்த விந்தணுவால் கருத்தரிக்கச் செய்யும் சிகிச்சை பிறந்ததே மறைப்பில்தான். 1884இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்தி, மருத்துவ மாணவர் ஒருவரின் விந்தைச் செலுத்தினார்கள். அவளிடம் சொல்லவேயில்லை. செய்தி அச்சேறியது 1909இல். 1948இல் இங்கிலாந்துத் திருச்சபையின் முதன்மைப் பேராயரான கேன்டர்பரி பேராயர் அமைத்த குழு இச்சிகிச்சையைக் குற்றமாக்கச் சொன்னது. 1954இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநில நீதிமன்றம் ஒன்று, கணவன் இசைந்திருந்தாலும் இது பிறன்மனை உறவே என்றது. வெட்கத்தால் பெற்றோர் மறைத்தார்கள். மருத்துவர்களும் மறைக்கவே சொன்னார்கள்.

அந்த மௌனத்தை உடைத்ததில் இவ்வழியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. சட்டங்களும் மாறின. 1985 முதல் சுவீடனில், 2005 முதல் பிரிட்டனில் புதிதாகக் கொடை தருபவர் பெயரை நிரந்தரமாக மறைத்துக்கொள்ள முடியாது. பிறந்தவர் உரிய வயதில் கேட்டறியலாம். இவர்களைக் குறிக்கத் தமிழில் இன்னும் நிலைத்த சொல் இல்லை. 'கொடைவழிப் பிறந்தவர்' என்பதை முன்வைக்கிறேன்.