மியாட்டாவுக்கு மூக்கு மாற்றுவதற்கு முன்னால்

முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, அதாவது மியாட்டா என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைக்கும் இடம் ஏர் ஃபில்டர் பெட்டிதான். பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படுகிற அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி பார்க்க அசிங்கமாக இருக்கும், கழற்றவும் சுலபம். அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் பளபளவென்று ஒரு கூம்பு ஃபில்டரை மாட்டி ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் உறுமும். உறுமினதும், அடேங்கப்பா, பத்து குதிரைத்திறன் ஏறிவிட்டது என்று தோன்றும். ஏறியிருக்காது. பல சமயம் இறங்கியே இருக்கும்.

இந்த வண்டி 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். ஒரு டன்னுக்கும் குறைவான எடை, 1597 சிசி, நாலு சிலிண்டர், 16 வால்வு, நிமிடத்துக்கு 6500 சுற்றில் 116 குதிரைத்திறன். டர்போ கிடையாது, அதாவது இதற்குக் காற்றை ஊதிக் கொடுக்க ஆள் இல்லை. எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது என்று பேச்சுக்குச் சொல்கிறோம், ஆனால் நடப்பது வேறு: பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது, வெளியே இருக்கும் வளிமண்டலம் காற்றை உள்ளே தள்ளுகிறது. ஆக, கையில் இருக்கும் மொத்த முதலும் அந்த ஒரு வளிமண்டல அழுத்தம்தான், சுமார் 100 கிலோபாஸ்கல். வழியில் ஃபில்டர், குழாய், வளைவு, த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) என்று ஒவ்வொன்றும் அதில் கொஞ்சம் கமிஷன் பிடித்துக்கொள்ளும். மிச்சம் என்ன போய்ச் சேர்கிறதோ அதுதான் சிலிண்டருக்கு.

எவ்வளவு காற்று என்று ஒரு கணக்குப் போடலாம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் முழுசாக மூச்சு இழுக்கும். 6500 சுற்றில் அது நிமிடத்துக்கு 3250 மூச்சு, ஒரு மூச்சுக்கு 1.6 லிட்டர், ஆக 5200 லிட்டர். சிலிண்டர் முழுசாக நிரம்பாது என்பதற்குக் கொஞ்சம் கழித்தால் நொடிக்கு 75 லிட்டர். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஏறக்குறைய நாலு, ஒரே நொடியில்! குழாயின் உள்விட்டம் 6 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் அதற்குள் காற்று நொடிக்கு 26 மீட்டர் வேகத்தில் ஓடும், மணிக்கு 95 கி.மீ. குழாய்க்குள் ஒரு புயலே அடிக்கிறது.

அந்த வேகத்தில் போகும் காற்றைச் சட்டென்று திருப்பினால் நஷ்டம். ஒரு கூர்மையான வளைவு உத்தேசமாக 400 பாஸ்கலைத் தின்றுவிடும், மொத்த அழுத்தத்தில் 0.4 சதவீதம். குழாயின் வாய் மொட்டையாக வெட்டி நீட்டிக்கொண்டிருந்தால் கிட்டத்தட்ட அதே அளவு அங்கேயும் போகும். அதே வாயை நாகஸ்வரத்தின் அணசு மாதிரி விரித்து வளைத்துவிட்டால் நஷ்டம் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும், அவ்வளவு வித்தியாசம். பந்தய எஞ்சின்களில் குழாய் முனைகள் எல்லாம் ஊதுகுழல் மாதிரி விரிந்திருப்பது இதற்காகத்தான்.

உங்கள் வண்டியில் கமிஷன் எவ்வளவு போகிறது என்பதை யாரையும் கேட்க வேண்டியதில்லை, நீங்களே அளந்துவிடலாம், செலவும் அதிகம் ஆகாது. மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய் மூன்று மீட்டர் வாங்கி, ஒரு முனையை ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே ஒரு சின்ன ஓட்டையில் காற்றுப் புகாமல் செருகுங்கள். மறுமுனையைக் காருக்குள் கொண்டுவந்து, ஒரு அட்டையில் U வடிவில் ஒட்டி, அதில் கொஞ்சம் மை கலந்த தண்ணீர் ஊற்றி, நுனியைத் திறந்தே விடுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, ஆளில்லாத நீண்ட சாலையில் இரண்டாவது கியரில் த்ராட்டிலை முழுக்கத் திறந்து 6500 வரை போங்கள். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் நடுவே 10 செ.மீ. வித்தியாசம் வந்தால் அது 1 கிலோபாஸ்கல், அதாவது ஒரு சதவீதம், அதாவது ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன். 20 செ.மீ. வந்தால் இரண்டு. உலகத்திலேயே சிறந்த ஃபில்டரை மாட்டினாலும் அந்த இரண்டுக்கு மேல் திரும்பக் கிடைக்காது. குழாயில் தெரியாத பத்தை டப்பாவின் மேல் அச்சடித்து விற்கிறார்கள் என்றால், சரி, அது அவர்கள் பிழைப்பு.

ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் கூடும் என்பதும் இதே ரகம். சாதாரணமாக ஓட்டும்போது த்ராட்டில் பாதிகூடத் திறந்திருக்காது, காற்றை மறிக்கும் பெரிய கதவு அதுவேதான். அதற்கு முன்னால் ஃபில்டர் கொஞ்சம் அடைத்திருந்தால் நம் கால் தானாக ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக அழுத்திச் சரிசெய்துவிடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதையே சோதித்துப் பார்த்தது. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் உள்ள நவீன கார்களில் அடைத்துப்போன ஃபில்டரால் மைலேஜ் குறையவில்லை, முழு வேகம் எடுக்கும்போதுதான் வண்டி மந்தமானது.

அப்புறம் வெப்பம். என்னைக் கேட்டால் விஷயமே இங்கேதான் இருக்கிறது. எஞ்சினுக்கு வேண்டியது காற்றின் எடை. பெட்ரோல் ஒரு கிராம் முழுசாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும், லிட்டர் கணக்கு அதற்குப் புரியாது. சூடான காற்று விரிந்து கிடப்பதால் அதே லிட்டரில் எடை குறைவு. 30 டிகிரியில் உள்ள காற்று 50 டிகிரிக்குச் சூடானால் அடர்த்தி 6 சதவீதம் குறையும். காற்று எப்படியும் போகிற வழியில் மேனிஃபோல்டிலும் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்கள்) சிலிண்டர் சுவரிலும் பட்டு இன்னும் சூடாகத்தான் போகிறது, அதனால் ஆரம்ப வித்தியாசம் அப்படியே கடைசிவரை நிற்காது. எஞ்சின் சோதனைக்கூடங்களில் டர்போ இல்லாத எஞ்சினுக்கு வெப்பநிலையின் வர்க்கமூலத்தை வைத்துத் திருத்தம் போடுவது இதனால்தான். அந்தக் கணக்கில் நஷ்டம் சுமார் 3 சதவீதம். 116-இல் மூன்றரை போச்சு.

இப்போது அந்தக் கூம்பு ஃபில்டருக்கு வாருங்கள். மியாட்டாவில் ஃபில்டர் பெட்டி இருப்பது எஞ்சினின் இடது முன்பக்கம், சூடான எக்ஸாஸ்ட் இருப்பதும் இடது பக்கம். அங்கிருந்து ஒரு நீளக் குழாய் எஞ்சினுக்கு முன்னால், ரேடியேட்டரை ஒட்டிக் குறுக்கே போய் வலது பக்கம் இருக்கும் த்ராட்டிலில் சேர்கிறது. மூடிய பெட்டி இருந்தவரைக்கும் அதுதான் அந்தச் சூட்டுக்கு ஒரு மறைப்பு. அதைக் கழற்றிவிட்டுத் திறந்த கூம்பை வைத்தால், தடை குறைந்து கிடைத்த ஒரு சதவீதத்தைக் கொடுத்துவிட்டு எக்ஸாஸ்ட் சூட்டை விலைக்கு வாங்குகிறோம். டிராஃபிக்கில் நின்றால் இன்னும் மோசம். கூம்புதான் வேண்டும் என்றால் அதைச் சுற்றி ஒரு தகரத் தடுப்பு கட்டி, பானெட்டின் அடிப்பக்கத்தோடு ரப்பர் வைத்து அடைத்து, வெளிக்காற்று வர ஒரு வழி விடுங்கள். தகரத்தை வளைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், ஆனால் விற்கிற பொருளில் பாதியைவிட அது நன்றாக வேலை செய்யும்.

முன்னால் ஓட்டை விட்டால் வேகத்தில் காற்று தானாக அழுத்தி நுழையும் என்கிறார்களே? நுழையும். 100 கி.மீ. வேகத்தில் அந்த அழுத்தம் 460 பாஸ்கல், அதாவது அரை குதிரைத்திறன்.

இந்த வண்டியில் இன்னொரு விசேஷம், எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் கருவி. 1.6 லிட்டர் எஞ்சினில் ஃபில்டருக்கு அடுத்து ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னக் கதவு இருக்கும். காற்று தள்ளத் தள்ளக் கதவு திறக்கும், அது எவ்வளவு திறந்தது என்பதைப் பார்த்து கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவை முடிவுசெய்யும். (1994 மாடலில் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது இதற்குப் பதில் சூடான கம்பி வந்தது. அந்த வண்டியில் எண்ணெய் தடவிய துணி ஃபில்டர் மாட்டினால் எண்ணெயைக் குறைவாகத் தடவுங்கள், இல்லையென்றால் கம்பியில் படிந்து அளவு தப்பும்.) ஃபில்டர் பெட்டியைத் திறந்து அந்தக் கதவை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி போய் வெண்ணெய் மாதிரி திரும்ப வேண்டும், நடுவில் எங்காவது தட்டினால் அழுக்கு. சாவியை ஆன் செய்துவிட்டுத் தள்ளினால் இருக்கைக்குப் பின்னால் டேங்கில் பெட்ரோல் பம்ப் ‘ங்ஙீ’ என்று ஓடும் சத்தம் கேட்கும், பம்ப்புக்கான சுவிட்சே அந்தக் கதவில்தான் இருக்கிறது. முதல் தடவை நான் இதைத் தெரியாமல் தொட்டுத் திடுக்கிட்டேன்.

கதவைத் தாண்டியபின் த்ராட்டில் வரை எங்கே ஓட்டை இருந்தாலும் அதில் புகும் காற்று கணக்கில் வராது. முப்பது வருஷத்து ரப்பர் மடிப்புக் குழாய் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், இரண்டு கையாலும் விரித்துப் பார்த்தால்தான் மடிப்புக்குள் வெடிப்பு தெரியும். நின்றால் ஐடில், அதாவது சும்மா ஓடும் எஞ்சினின் சுற்று, ஏறி ஏறி இறங்கும். கிளட்சை விடும்போது எஞ்சின் ஒரு பக்கம் சாய, வெடிப்பு வாயைத் திறக்க, வண்டி குலுங்கும். இந்தக் குலுக்கலோடு ஓட்டிக்கொண்டு விலையுயர்ந்த ஃபில்டர் தேடுகிறவர்களை என்ன சொல்வது? ரப்பரை மாற்றுங்கள் முதலில்.

சத்தத்துக்கு வருவோம். 6000 சுற்றில் நாலு சிலிண்டரும் சேர்ந்து நொடிக்கு 200 தடவை மூச்சு இழுக்கின்றன, ஒவ்வொரு இழுப்பும் குழாய் வழியாக வெளியே ஒரு தட்டலாக வரும். குறுக்குக் குழாயில் ஒட்டியிருக்கும் மூடிய பெட்டி, காலி பாட்டில் வாயில் ஊதினால் ‘பூம்’ என்று வருமே, அந்தத் தத்துவத்தில் சில சுரங்களை மட்டும் விழுங்கிவிடும். அதைக் கழற்றினால் சத்தம் அப்படியே காதுக்கு வரும், காது அதை வேகம் என்று எடுத்துக்கொள்ளும். சத்தத்துக்காகத்தான் மாட்டுகிறேன் என்றால் எனக்கு ஆட்சேபணையே இல்லை, ஓட்டுகிற சந்தோஷத்துக்குத்தானே இந்த வண்டி.

அதே அலைகளைக் காசாக்கும் இடம் மேனிஃபோல்டு. பிஸ்டன் இழுக்கும்போது கிளம்பும் தாழ்வழுத்த அலை 40 செ.மீ. குழாயில் ஓடி, மறுமுனையில் உயர் அழுத்தமாகப் புரண்டு, 2.3 மில்லிநொடியில் திரும்பிவரும். 6500 சுற்றில் வால்வு திறந்திருப்பது ஆறு மில்லிநொடி சொச்சம்தான். வால்வு மூடுவதற்குச் சற்று முன் அந்த அலை வந்து சேர்ந்தால் கடைசி வாய் காற்றை இலவசமாகத் திணித்துவிட்டுப் போகும். சுற்று மாறினால் நேரம் தப்பிவிடும், அதனால் ஒரே நீளம் எல்லா வேகத்துக்கும் ஒத்துவராது. 1991-இல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த மாஸ்டா 787பி-யில் காற்றுக் குழாய்களே ஓடும்போது நீண்டு சுருங்கும். பெட்டிக்கு அந்தப்பக்கம் கூம்பு மாட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு.

குளிர்ந்த காற்று கிடைக்கிறது என்று ஃபில்டரைப் பம்பருக்குக் கீழே இறக்குகிறவர்கள் உண்டு. தார் ரோட்டை ஒட்டிய காற்று ஒன்றும் அப்படிக் குளிர்ச்சியில்லை, அது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த எஞ்சினின் அழுத்த விகிதம் 9.4, அதாவது பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டரின் மொத்த இடம் 9.4-இல் ஒரு பங்காகச் சுருங்கும். ஒரு சிலிண்டர் 399 சிசி என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிச்சம் இருக்கும் இடம் 47 மில்லி லிட்டர்தான், அரை டம்ளர் காபிகூட வராது. தேங்கிய மழைத்தண்ணீரில் ஃபில்டர் ஒரு தடவை மூழ்கி அந்த 47 மில்லியைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர் உள்ளே போனால், தண்ணீர் சுருங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட்தான் வளையும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் உயரமாக இடம் இருக்கிறது, மூக்கை அங்கே திருப்புங்கள்.