எல்லா பார்ட்டும் பாஸ், மொத்தம் ஃபெயில்: சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்கை எப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறது?

சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்னா பல டீம் செய்யற பார்ட்டுங்களை ஒரே பொருளா சேர்ந்து வேலை செய்ய வைக்கிறது, அந்த பேப்பரை ஸ்டூடன்ட்ஸுக்கு எடுக்கிறது கொஞ்சம் விசித்திரமான வேலைங்க. தெர்மோடைனமிக்ஸ்னா ஈக்வேஷன் இருக்கு, ப்ராப்ளம் போட்டு பாக்கலாம், தப்பா சரியான்னு உடனே தெரிஞ்சிரும். இதுல என்ன இருக்கு? வி எழுத்து மாதிரி ஒரு டயக்ராம், கொஞ்சம் டெஃபனிஷன், ரிக்வயர்மென்ட், வெரிஃபிகேஷன், வேலிடேஷன்னு நாலஞ்சு பெரிய வார்த்தை, எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி உக்காந்தா முடிஞ்சிரும், மார்க்கும் வந்துரும். "சார், இது வெறும் காமன் சென்ஸ்தானே"ன்னு பசங்க கேக்கிறதும் நியாயம்தான், ஏன்னா போர்டுல எழுதிப் பாத்தா அது காமன் சென்ஸ் மாதிரியேதான் இருக்கும். பத்து பேர் சேர்ந்து ஒரு பொருளை செஞ்சு பாக்கிற வரைக்கும் அந்த காமன் சென்ஸ் எங்க காணாம போகுதுன்னு யாருக்கும் தெரியாது.

இந்த ஃபீல்டே அப்படித்தான் பொறந்துச்சு. 1940கள்ல பெல் லேப்ஸ்ங்கிற அமெரிக்க டெலிஃபோன் ஆராய்ச்சிக்கூடத்துல டெலிஃபோன் நெட்வொர்க்கை மொத்தமா யோசிக்க ஆள் வேணும்னு ஆரம்பிச்சது, அப்புறம் ஏவுகணை, ராக்கெட்னு போச்சு, 1961ல அரிசோனா யுனிவர்சிட்டி இதுக்குன்னே தனி டிபார்ட்மென்ட் தொடங்குச்சு. வேலை பாக்கிற இடத்துல அடிபட்டு கத்துக்கிட்ட விஷயத்தை கிளாஸ்ரூமுக்குள்ள கொண்டுவந்தாங்க, அடி மட்டும் வெளியவே நின்னுருச்சு. இப்போ நல்லா சொல்லிக்கொடுக்கிறவங்க செய்யறது ஒண்ணுதான், அந்த அடியை சின்ன அளவுல, யாருக்கும் சேதாரம் இல்லாம, திரும்ப உள்ள கொண்டுவர்றாங்க.

அதுக்கு ரொம்ப வசதியான ஒரு பொருள் கியூப்சாட். 10 சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம்னு ஒரு குட்டி சாட்டிலைட். 1999ல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில இருந்த பாப் ட்விக்ஸும் கலிஃபோர்னியாவோட 'கால் பாலி' யுனிவர்சிட்டில இருந்த ஜோர்டி புய்க் சுவாரியும் சேர்ந்து இந்த அளவை முடிவு பண்ணாங்க. நோக்கமே படிப்புதான், ஒரு ஸ்டூடன்ட் காலேஜை விட்டு போறதுக்குள்ள டிசைன்ல ஆரம்பிச்சு வானத்துல ஓட்டுற வரைக்கும் ஒரு தடவையாவது முழுசா பாத்துரணும்னு. 2003ல முதல் கியூப்சாட்டுங்க மேல போச்சு. நிஜமாவே ஏவணும்னு அவசியம் இல்ல, பேப்பர்ல டிசைன் பண்ணாலே பாதி பாடம் வந்துரும்.

கிளாஸை அஞ்சு டீமா பிரிச்சாச்சுன்னு வெச்சுக்கோங்க: பவர், தெர்மல், கம்யூனிகேஷன், கம்ப்யூட்டர், கேமரா. பவர் டீம் கணக்கு போடுது. பூமிக்கு பக்கத்துல ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 1361 வாட் சூரிய ஒளி வருது, நம்ம சாட்டிலைட்டோட ஒரு பக்கம் 0.01 சதுர மீட்டர், அப்போ 13.6 வாட் விழுது. ஆனா அந்த பக்கம் முழுக்க சோலார் செல் ஒட்ட முடியாது, ஓரம், ஸ்க்ரூ, கனெக்டர் எல்லாம் போக 60 சதவீதம்னு எடுத்தா, செல்லோட திறன் 30 சதவீதம்னா, கையில வர்றது ரெண்டரை வாட்டுக்கும் கொஞ்சம் கம்மி. அதுவும் அந்த பக்கம் சூரியனை நேரா பாக்கும்போது மட்டும். சுமார் 95 நிமிஷ சுத்துல முப்பத்தஞ்சு நிமிஷம் வரைக்கும் பூமியோட நிழல்ல இருக்கும், அப்போ வரவு பூஜ்யம். சராசரி ஒன்றரை வாட்னு எழுதி, இருக்கிற செலவை எல்லாம் அதுக்குள்ள அடக்கி, டீம் நிம்மதியா உக்காருது.

பக்கத்து டேபிள்ல தெர்மல் டீமும் சரியாதான் கணக்கு போட்டிருக்கு. நிழல்ல போகும்போது பேட்டரி பூஜ்யம் டிகிரிக்கு கீழ இறங்கலாம், லித்தியம் அயன் பேட்டரியை அந்த குளிர்ல சார்ஜ் பண்ணா உள்ள லித்தியம் படிஞ்சு பேட்டரி கெட்டுப்போகும், அதனால அரை வாட் ஹீட்டர் ஒண்ணு வேணும்னு முடிவு பண்றாங்க. நல்ல முடிவு. ஆனா அந்த ஹீட்டர் எப்போ ஓடும்? நிழல்ல, அதாவது வரவே இல்லாத நேரத்துல, அதே பேட்டரில இருந்து. பவர் டீமோட ஷீட்ல ஹீட்டர்னு ஒரு வரியே கிடையாது. சேர்த்தா கணக்கு மைனஸ்ல போகுது. பெரிய பேட்டரி போடலாம்னா எடை கூடுது, இடம் போகுது, கேமரா டீம் லென்ஸை சின்னதாக்கணும், லென்ஸ் சின்னதானா நமக்கு வேண்டிய படம் கிடைக்குமான்னு திரும்ப மேல போய் கேக்கணும். இல்ல ரேடியோவை கம்மியா ஆன் பண்ணலாமா, அப்போ எடுத்த படத்தை கீழ அனுப்ப டைம் பத்துமா?

இங்க யாரு தப்பு பண்ணாங்க? யாருமே இல்ல. அஞ்சு டீமுக்கும் தனித்தனியா ஃபுல் மார்க் போடலாம், சாட்டிலைட் மட்டும் செத்துப்போகும். நான் பாத்த வரைக்கும் இந்த இடத்துலதான் பசங்க முகம் மாறும், அதுவரைக்கும் காமன் சென்ஸ்னு சொன்னவங்க "அப்போ இதை யாரு பாக்கணும்?"னு கேப்பாங்க. அந்த கேள்விதான் இந்த பேப்பரோட மொத்த சிலபஸும், என்னைக் கேட்டா.

அதுக்கு பதில் சொல்ல ஒரு பழைய டூல் இருக்கு, என் ஸ்கொயர் சார்ட்னு பேரு. ஒரு கட்டம் போட்ட டேபிள், மேல் இடது மூலைல இருந்து கீழ் வலது மூலை வரைக்கும் சாய்வா டீமோட பேருங்க. ஒவ்வொரு டீமும் வெளிய குடுக்கிறதை தன்னோட வரிசைல எழுதணும், வாங்குறது எல்லாம் தன்னோட பத்தில வந்து விழும். அஞ்சு டீம்னா சாய்வு போக மீதி 20 கட்டம். பவர்ல இருந்து தெர்மலுக்கு போற கட்டத்துல "அரை வாட், நிழல் நேரத்துல"ன்னு எழுத வேண்டிய இடம் காலியா கிடக்கிறது கண்ணுக்கு தெரியும். டீம் பத்தானா கட்டம் 90. பொருள் பெருசாக பெருசாக பார்ட்டு கூடுற வேகத்தை விட பார்ட்டுங்களுக்கு நடுவுல இருக்கிற வேலை கூடுற வேகம் அதிகம், இதை லெக்சர்ல சொல்லி புரிய வைக்கிறது கஷ்டம், 90 கட்டத்தை கையால நிரப்ப சொன்னா உடனே புரியும். இன்னொரு தந்திரமும் இருக்கு, ஒவ்வொரு கட்டத்துலயும் விஷயத்தோட ஒரு ஆள் பேரும் எழுதணும்னு கேளுங்க. பேர் எழுத தயங்குற கட்டம் எதுவோ அதுலதான் பின்னாடி வெடிக்கும்.

எழுதி வெச்சா மட்டும் போதுமா? போதாது. மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் கதையை எல்லா கிளாஸ்லயும் சொல்றாங்க, ஆனா பாதியைத்தான் சொல்றாங்க. 1999 செப்டம்பர் 23ல செவ்வாய் கிட்ட போன நாசா விண்கலம் காணாம போச்சு, ஒரு டீம் பவுண்ட் கணக்குலயும் இன்னொரு டீம் நியூட்டன் கணக்குலயும் வேலை பாத்ததுதான் காரணம், ஹா ஹா, யூனிட் போட மறக்காதீங்க பசங்களா, அவ்ளோதான். மிச்ச பாதிதான் முக்கியம். மெட்ரிக் யூனிட்லதான் டேட்டா குடுக்கணும்னு இன்டர்ஃபேஸ் டாக்குமென்ட்ல, அதாவது ஒரு டீம் இன்னொரு டீமுக்கு எதை எப்படி குடுக்கணும்னு எழுதி வெச்ச பேப்பர்ல, தெளிவா எழுதியிருந்துச்சு. தரைல இருந்த ஒரு சாஃப்ட்வேர் அதை மதிக்காம பவுண்ட் செகண்ட்ல குடுத்துச்சு, அந்தப் பக்கம் வாங்கினவங்க நியூட்டன் செகண்ட்னு எடுத்துக்கிட்டாங்க, வித்தியாசம் 4.45 மடங்கு. விண்கலம் தன்னை நிலைப்படுத்திக்க அப்பப்போ குட்டி த்ரஸ்டரை தட்டும், ஒவ்வொரு தட்டும் பாதையை கொஞ்சூண்டு தள்ளும், அந்த கொஞ்சூண்டு மாசக்கணக்கா தப்பாவே கூட்டப்பட்டுச்சு. கிரகத்தை சுமார் 226 கிலோமீட்டர் உயரத்துல கடக்க வேண்டியது 57 கிலோமீட்டருக்கு இறங்கிருச்சு. ஆக டாக்குமென்ட் இருந்துச்சு, ரெண்டு பக்கமும் திறமையான ஆளுங்க இருந்தாங்க, அந்த ஃபைலை இந்த முனைல இருந்து அந்த முனை வரைக்கும் ஓட்டி பாத்து இது எழுதின மாதிரிதான் வருதான்னு செக் பண்றது மட்டும் நடக்கல.

இதை கிளாஸ்ல எப்படி உணர வைக்கிறது? எனக்கு ரொம்ப பிடிச்ச பயிற்சி மாத்தி குடுக்கிறது. ஒவ்வொரு டீமும் தன்னோட ரிக்வயர்மென்ட்டையும் இன்டர்ஃபேஸ் டாக்குமென்ட்டையும் எழுதணும், ஆனா அதை வெச்சு செய்யப்போறது இன்னொரு டீம், டெஸ்ட் பண்றது மூணாவது டீம், நடுவுல வாயால பேசிக்கக்கூடாது. "சாட்டிலைட் படத்தை வேகமா அனுப்பணும்"னு எழுதினவங்க அப்போதான் மாட்டுவாங்க. டெஸ்ட் டீம் வந்து நிக்கும், வேகம்னா எத்தனை, எந்த நிலைமைல, எதை வெச்சு அளக்கிறது, எவ்ளோ வந்தா பாஸ்? அதே வரியை "ஒரு தடவை தரைநிலையத்தை கடக்கும்போது குறைஞ்சது ஒரு முழு படமாவது கீழ வந்து சேரணும்"னு மாத்தி எழுதினா சண்டை பாதியா குறையும், மிச்ச பாதி சண்டை முழு படம்னா எத்தனை மெகாபைட்னு நடக்கும், அது நல்ல சண்டை. ரிக்வயர்மென்ட் எழுதும்போதே அதை எப்படி டெஸ்ட் பண்றதுன்னு பக்கத்துல எழுதிரணும், அந்த வி டயக்ராம் சொல்ல வர்றது அடிப்படைல இதுதான். இடது கால்ல இறங்கும்போது எழுதுற ஒவ்வொண்ணுக்கும் வலது கால்ல அதே உயரத்துல ஒரு டெஸ்ட் காத்துக்கிட்டு இருக்கு.

எழுதினபடி செஞ்சோமாங்கிறது ஒரு கேள்வி, அது வெரிஃபிகேஷன், எழுதினதே சரியாங்கிறது வேற கேள்வி, அது வேலிடேஷன். ரெண்டையும் பசங்க போட்டு குழப்புவாங்க, அதுக்கு ஐரோப்பாவோட ஏரியன் 5 ராக்கெட் மாதிரி நல்ல உதாரணம் கிடையாது. 1996 ஜூன் 4ல முதல் முறையா பறந்த ராக்கெட், கிளம்பி நாப்பது செகண்ட் கூட ஆகல, திசை மாறி உடைஞ்சுது. நிலையை அளக்கிற யூனிட்டோட சாஃப்ட்வேர் ஏரியன் 4ல நல்லா வேலை செஞ்சதுதான், அப்படியே எடுத்து போட்டாங்க. அதுல ஒரு 64 பிட் எண்ணை 16 பிட் எண்ணா மாத்துற இடம் இருந்துச்சு, 16 பிட்டுல 32767க்கு மேல போக முடியாது. ஏரியன் 4 பறந்த பாதைல அந்த எண் அவ்ளோ பெருசா வரவே வராது. ஏரியன் 5 கிடைமட்டமா அதை விட வேகமா போற ராக்கெட், வந்துருச்சு. பேக்கப் யூனிட் இருந்துச்சே? இருந்துச்சு, அதே சாஃப்ட்வேரோட, அதனால அதுவும் அதே காரணத்துக்கு படுத்துருச்சு. கொடுமை என்னன்னா அந்த கணக்கு ராக்கெட் கிளம்பின பிறகு ஏரியன் 5க்கு தேவையே இல்லாத கணக்கு. சாஃப்ட்வேர் தனக்கு எழுதி வெச்சதை அப்படியே செஞ்சது, எழுதினது வேற ராக்கெட்டுக்கு.

எடை கணக்குல ஒரு மனுஷ சுபாவ பாடமும் வரும். பல வருஷமா 1.33 கிலோன்னு இருந்த கியூப்சாட் லிமிட்டையே எடுத்துக்கோங்க. அஞ்சு டீமுக்கும் நிஜமா வேண்டியது மொத்தம் 1 கிலோதான். ஆனா ஒவ்வொரு டீமும் எதுக்கும் இருக்கட்டும்னு யாருக்கும் சொல்லாம கால் பங்கு சேர்த்து கேக்கும், 1.25 கிலோ ஆச்சு. லீடர் தன் பங்குக்கு 20 சதவீதம் மார்ஜின் வெக்கிறான், 1.5 கிலோ. பேப்பர்ல சாட்டிலைட் ஓவர்வெயிட், கேமராவை தூக்குங்கன்னு ஒரு மீட்டிங், நிஜத்துல 330 கிராம் மிச்சம் இருக்கும்போதே. மார்ஜின் கண்டிப்பா வேணும், ஆனா ஒரே இடத்துல, எல்லாருக்கும் தெரியிற மாதிரி, லீடர் கையில இருக்கணும். இதை ஸ்லைடுல போட்டா பசங்க தலையாட்டுவாங்க, அந்த மீட்டிங்கை ஒரு தடவை நடத்தி முடிச்சு நிஜ கணக்கை திறந்து காட்டினா வாழ்நாளுக்கும் மறக்க மாட்டாங்க.

செமஸ்டர் நடுவுல வாத்தியார் வேணும்னே கஸ்டமர் வேஷம் போட்டு ஒரு ரிக்வயர்மென்ட்டை மாத்தி விடுறதும் உண்டு. கொடூரமா தெரியும், ஆனா எந்த டெஸ்ட் எந்த ரிக்வயர்மென்ட்டுக்குன்னு கோடு இழுத்து வெச்ச டீம் ஒரு சாயங்காலத்துல பாதிப்பை கண்டுபிடிச்சிரும், மத்த டீம் எல்லாத்தையும் திரும்ப ஆரம்பத்துல இருந்து பாக்கும், டிரேசபிலிட்டிக்கு இதை விட நல்ல விளம்பரம் இல்ல.

சாஃப்ட்வேர் மாடல் பத்தி ஒரு வார்த்தை. சிஸ்எம்எல்னு 2007ல வந்த மாடலிங் மொழி, மொத்த டிசைனையும் கம்ப்யூட்டர்ல டயக்ராமா வரையிறதுக்கு, இப்போ பல கோர்ஸ்ல இருக்கு, ஒரு இடத்துல மாத்தினா எங்கெல்லாம் இடிக்குதுன்னு கம்ப்யூட்டரே காட்டும், பெரிய ப்ராஜெக்ட்டுக்கு உண்மையிலேயே உதவும். ஆனா முதல் கோர்ஸ்லயே அதை எடுத்தா பாதி செமஸ்டர் எந்த அம்புக்குறி எந்த டயக்ராம்லன்னு சண்டை போடறதுலயே போயிரும். பேப்பர், பென்சில், ஒரு ஸ்ப்ரெட்ஷீட், இதுல ஒரு தடவை வலிச்ச பிறகு டூலை குடுத்தா கேட்டு வாங்கிப்பாங்க.

மார்க்தான் இதுல தீராத தலைவலி. சிஸ்டம்ஸ் இன்ஜினியர் வேலையை நல்லா செஞ்ச பொண்ணு கிட்ட காட்டுறதுக்கு ஒண்ணுமே இருக்காது, ஏன்னா உடைய வேண்டியது உடையல. கேமரா செஞ்சவன் கேமராவை தூக்கி காட்டுவான். அதனால சில பேர் முடிவு ரிஜிஸ்டர்னு ஒண்ணு வெக்க சொல்லி அதுக்கு மார்க் போடுவாங்க, என்ன முடிவு எடுத்தோம், வேற என்ன வழி இருந்துச்சு, ஏன் வேண்டாம்னோம்னு. ரிவ்யூல சாட்டிலைட்டே வேலை செய்யாதுன்னு தெரியவந்து, ஏன்னு அந்த டீமே துல்லியமா சொன்னா, ஓடுற மாதிரி பாசாங்கு பண்ற டீமை விட அதுக்கு அதிக மார்க் குடுக்கணும்னு நான் நினைக்கிறேன்.

நிஜ சாட்டிலைட் செய்யற காலேஜ்கள்ல இன்னொரு சோதனை தானாவே வந்துரும். ப்ராஜெக்ட் முடியறதுக்குள்ள ஆரம்பிச்ச பேட்ச் பட்டம் வாங்கி போயிரும், ஜூனியர்ஸ் கையில வர்றது ஒரு பெட்டி போர்டும் ஒரு ஃபோல்டர் ஃபைலும். ராக்கெட்ல இருந்து வெளிய வந்த பிறகு ஆன்டெனாவை விரிக்க 30 நிமிஷம் காத்திருக்கணும்னு கியூப்சாட் ஸ்டாண்டர்டுல ஒரு விதி உண்டு, அதுக்காக எழுதின டைமர் கோடை, இது எதுக்கு சும்மா அரை மணி நேரம் நிக்குதுன்னு ஒரு ஜூனியர் அழிச்சிர சாத்தியம் நிறையவே இருக்கு. அதனால செமஸ்டர் கடைசில ஒரு ஜூனியரை கூப்பிட்டு, ஃபோல்டரை மட்டும் குடுத்து, சீனியர்ஸ் வாயே திறக்காம பின்னாடி உக்காந்திருக்க, அந்த ஜூனியர் என்னென்ன கேள்வி கேக்கிறாங்கன்னு எண்ணி மார்க் போடுறது நல்ல முறை. கேள்வி கூடக் கூட சீனியர்ஸுக்கு மார்க் குறையும்.