நிலாவெளி, புறாத்தீவு, புல்மோட்டை: மூன்று மணல்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியால் வடக்கே போகிறவர்கள் கடலைப் பார்ப்பார்கள், மணலைக் கவனிப்பவர்கள் குறைவு. நிலாவெளிக் கரையில் ஒரு மணல். அதற்கு நேரே, சுமார் 1 கிலோமீற்றர் தள்ளிக் கடலுக்குள் இருக்கும் புறாத்தீவில் வேறொரு மணல். இன்னும் வடக்கே புல்மோட்டையில் கறுத்த மணல். ஒரே மாவட்டம், ஒரே கடல், ஆனால் மூன்றின் பிறப்பும் வேறு வேறு.

நிலாவெளி மணலின் கதை சுருக்கமானது. உள்நாட்டுப் பாறைகள் வெயிலிலும் மழையிலும் உடைந்து ஆற்றோடு கடலுக்கு வருகின்றன. பாறையிலுள்ள மென்மையான கனிமங்கள் வழியிலேயே களிமண்ணாகிவிடும். பெரும்பாலும் கடினமான குவார்ட்ஸ்தான் தப்பிவந்து கரையேறும்.

புறாத்தீவில் மணலை உண்டாக்குவது உயிர்கள். மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் அந்தப் பெயர் வந்தது. பெரியது, சின்னது என்று இரண்டு தீவுகள், இரண்டும் பாறைத் திட்டுகள்தான். பெரிய தீவின் கரையில் வெள்ளையாகக் குவிந்து கிடப்பவையோ முருகைக்கல் துண்டுகள். முருகை என்பது சில மில்லிமீற்றர் அளவே உள்ள விலங்கு. அதன் உடலுக்குள் ஒற்றைக்கலப் பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் சமைக்கும் சர்க்கரையில் பெரும்பங்கு முருகைக்குப் போகிறது. அந்தத் தெம்பில்தான் அது கடல்நீரிலிருந்து கல்சியத்தை எடுத்துத் தனக்கொரு கல்கூடு கட்டுகிறது. வெயில் எட்டும் தெளிந்த, ஆழமில்லாத நீரில் முருகை செழிப்பதற்குக் காரணம் இதுதான்.

கிளைவிடும் முருகை வகைகளில் சில ஆண்டுக்கு 10 சென்ரிமீற்றர் அளவுக்குக்கூட வளரும். வளர்ந்ததை வாடைக்காற்றுக் காலத்து அலை முறித்துக் கரையில் எறிந்துவிடும். விரல் விரலாகக் கிடக்கும் அந்தத் துண்டுகளின் மேல் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள், கால் சொல்லும்!

சரி, துண்டுகள் அலையால் வந்தன. பொடி மணல்? அதில் கிளிமீனுக்குப் பெரிய பங்கு உண்டு. கிளியின் அலகு மாதிரிப் பற்கள் ஒட்டிப்போன வாய் அதற்கு. கல்மேல் படர்ந்த பாசியைத் தின்னப் போய்க் கல்லையும் சேர்த்துச் சுரண்டிவிடும். தொண்டைக்குள் இருக்கும் இன்னொரு பல்வரிசை அதை அரைக்கும். சத்து உடம்பில் சேர, மீதி வெள்ளை மணலாக வெளியே வரும். பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்குப் பல நூறு கிலோ மணல் போடக்கூடும். வெப்பத்தீவுப் படங்களில் நாம் வியக்கும் வெண்மணலில் ஒரு பகுதி மீன் எச்சம் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

இரண்டு மணலுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேசிக்காய் காட்டித்தரும். புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா, அங்கிருந்து ஒரு துண்டும் எடுக்கக்கூடாது. எடுக்கவும் தேவையில்லை. நிலாவெளியில் கிடக்கும் சிப்பி ஓடும் முருகைக்கல்லும் ஒரே கல்சியம் காபனேற்றுதான். ஓட்டைப் பொடித்துச் சாறு விட்டால் காபனீரொட்சைட்டு நுரைத்துக் கிளம்பும். குவார்ட்ஸ் மணலில் ஒன்றும் நடக்காது. இலங்கைக் கரையோரங்களில் முன்பு முருகைக்கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்ததும் இந்தக் காபனேற்றுக்காகத்தான்.

முருகையின் இந்த மணல் பட்டறைக்கு எதிரி வெப்பம். கடல்நீர் வழக்கமான கோடை வெப்பத்தைவிட 1 பாகை செல்சியசு கூடி, அது சில வாரம் நீடித்தால் போதும், முருகை தன் பாசிகளை வெளியே தள்ளிவிடும். நிறமும் போகும், சாப்பாடும் போகும். 1998இல் இலங்கையின் பல முருகைப் பார்கள், அதாவது முருகைக்கல் திட்டுகள், இப்படி வெளுத்தன. கிழக்குக் கரையில் திருகோணமலைப் பக்கம் அந்த முறை பெரும்பாலும் தப்பியது. பார் செத்தால் அலைக்குக் கொஞ்சக் காலம் உடைக்க நிறையக் கல் கிடைக்கும். அப்புறம் புதுக்கல் கட்ட ஆளிருக்காது.

புல்மோட்டையில் உயிருக்கு வேலையில்லை, எடைதான் எல்லாம். அங்குள்ள மணலில் இருக்கும் இல்மனைட்டு, உரூத்தைல், சிர்க்கோன் ஆகிய கனமான கனிமங்களும் பாறையிலிருந்து வந்த மணிகளே. குவார்ட்ஸின் அடர்த்தி நீரினதைப்போல் 2.65 மடங்கு, இல்மனைட்டினதோ ஏறத்தாழ 4.7 மடங்கு. ஏறிவரும் அலை எல்லாவற்றையும் தூக்கிவரும். திரும்பும் நீருக்கு வலு குறைவு, இலேசானதை மட்டும் இழுத்துப்போகும். சுளகில் புடைப்பது போன்ற வேலை, ஆனால் இங்கே பதர் கடலுக்குப் போகிறது. வடகீழ்ப் பருவக்காற்றின் அலைகள் ஆண்டுதோறும் இதைத் திரும்பச் செய்கின்றன. மிச்சப் பிரிப்பு ஆலையில் நடக்கும்: வலுவான காந்தம் இல்மனைட்டை இழுக்கும், மின்சாரத்தைக் கடத்தும் உரூத்தைல் கடத்தாத சிர்க்கோனிலிருந்து உயர் மின்னழுத்தத்தில் விலகும். கறுத்த இல்மனைட்டிலிருந்து எடுக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டுத்தான் சுவர்ப் பெயின்ற்றுக்கு வெள்ளை நிறம் கொடுக்கிறது.