மைக்கேலாஞ்சலோ படுத்துக்கிட்டு வரையல: ஒரு பிசியோ நாவல் படிச்ச கதை

நான் பிசியோதெரபிஸ்ட். பதினாறு வருஷமா கழுத்து, தோள்பட்டை, முதுகுன்னு பாத்துட்டு இருக்கேன். ராத்திரி க்ளினிக் மூடிட்டு வந்தா நாவல், அதுலயும் சரித்திர நாவல்னா சாப்பாடு கூட மறந்துரும். போன மழைக்காலத்துல மைக்கேலாஞ்சலோங்கற இத்தாலி சிற்பி, ஓவியரோட வாழ்க்கைய வெச்சு எழுதின ஒரு தடி நாவல் கைக்கு வந்துச்சு. ஃப்ளாரன்ஸ் தெரு, கராரா மலையில பளிங்கு வெட்டுற சத்தம், போப்பாண்டவரோட கோபம், எல்லாத்தையும் அப்படியே கண்ணு முன்னாடி நிறுத்துற எழுத்து. பத்து நாள்ல முடிச்சிட்டேன். ஆனா நடுவுல ஒரு எடத்துல மட்டும் புஸ்தகத்த மூடி வெச்சிட்டேன்.

ரோம்ல வாடிகன்ல இருக்கற சிஸ்டீன் சேப்பல்ங்கற தேவாலயத்தோட கூரைய வரையற எடம் அது. சாரத்து மேல மல்லாக்க படுத்துக்கிட்டு, கலர் கண்ணுல சொட்ட சொட்ட, வலியெல்லாம் ஒரு தவம் மாதிரி, அந்த வலியில இருந்துதான் கலை பொறக்குதுங்கற மாதிரி எழுதியிருந்தாங்க. அன்னிக்கு சாயந்திரம்தான் ஒரு பெயிண்டர் அண்ணன் க்ளினிக்குக்கு வந்துட்டு போயிருந்தாரு (பேரு ஊரு வேணாம்). வயசு அம்பதுக்கு பக்கத்துல, இருபது வருஷத்துக்கு மேல சீலிங்குக்கு பட்டி பாத்து பெயிண்ட் அடிக்கிற வேலை. வலது கையில கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகுது, ராத்திரி தூக்கமில்ல, எட்டு மாசமா மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கி போட்டுக்கிட்டே ஓட்டியிருக்காரு. ஏண்ணே முன்னாடியே வரலன்னு கேட்டா, "தொழில்னா வலி இருக்கத்தானே செய்யும் மேடம்"னாரு. நாவல் அழகான வார்த்தைல சொன்னதும் இதேதான்.

அதனால நான் நாவல விட்டுட்டு நெஜமா என்ன எழுதி வெச்சிருக்காங்கன்னு தேட ஆரம்பிச்சேன். முதல் விஷயம், மைக்கேலாஞ்சலோ படுத்துக்கிட்டு வரையல. நின்னுக்கிட்டு, தலைய பின்னாடி சாய்ச்சு, கைய மேல தூக்கித்தான் வரைஞ்சாரு. அவர் காலத்துல வாழ்ந்த பாவ்லோ ஜோவியோன்னு ஒரு பிஷப் லத்தீன்ல சுருக்கமா அவரைப் பத்தி எழுதினப்போ 'ரெசுபினுஸ்'னு ஒரு வார்த்தை போட்டாரு, அதுக்கு பின்னாடி வளைஞ்சுன்னும் அர்த்தம் எடுக்கலாம், மல்லாக்கன்னும் எடுக்கலாம், பின்னாடி வந்தவங்க ரெண்டாவத புடிச்சுக்கிட்டாங்க, அப்புறம் சினிமாவும் வந்து அதையே காட்டிருச்சு.

ஆனா சாட்சி அவரே எழுதி வெச்சிருக்காரு. பிஸ்டோயா ஊர் ஜொவான்னிங்கற நண்பருக்கு ஒரு கவிதை. லொம்பார்டியில தண்ணி குடிச்சு பூனைங்களுக்கு கழுத்துல கழலை வர்ற மாதிரி எனக்கும் வந்துருச்சு, வயிறு தாடைக்கு கீழ வந்து முட்டுது, தாடி வானத்த பாக்குது, பிடரி முதுகுல போய் ஒட்டுது, பிரஷ்ல இருந்து சொட்டுற கலர் மூஞ்சிய கலர் கல்லு பதிச்ச தரையா ஆக்கிருச்சு, தோல் முன்னாடி இழுத்துக்கிட்டு பின்னாடி மடிஞ்சு சுருங்குது, சிரியா நாட்டு வில்லு மாதிரி வளைஞ்சு கெடக்கேன்னு வரிசையா சொல்லிட்டு, நான் நல்ல எடத்துல இல்ல, நான் ஓவியனும் இல்லன்னு முடிக்கிறாரு. ஓரத்துல சின்னதா ஒரு படம் வேற, ஒரு ஆள் நின்னுக்கிட்டு தலைக்கு மேல கைய நீட்டி கூரையில வரையறான். தாள் இன்னமும் ஃப்ளாரன்ஸ்ல அவங்க குடும்ப வீட்டுல, காசா புவோனரோட்டியில பத்திரமா இருக்கு. இத படிச்சப்போ எனக்கு கேஸ் ஷீட் படிக்கிற மாதிரி இருந்துச்சு. ஒரு நோயாளி தன் உடம்ப இவ்ளோ துல்லியமா சொன்னா எங்க வேலை பாதி முடிஞ்சிரும்.

இப்போ கழுத்துக்குள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். கழுத்துல ஏழு எலும்பு. ரெண்டு எலும்புக்கு நடுவுல பக்கவாட்டுல ஒரு சின்ன துவாரம், அது வழியாத்தான் கைக்கு போற நரம்பு வெளிய வருது. தலைய பின்னாடி சாய்ச்சா அந்த துவாரம் சுருங்கும். ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம்னா ஒண்ணும் ஆகாது. வருஷக்கணக்குல, மணிக்கணக்குல, அதுவும் கைய தூக்கி வெச்சுக்கிட்டு சாய்ச்சா தசை இறுகும், மூட்டு தேயும், எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கற டிஸ்க் வீங்கினா நரம்ப அழுத்தும். கைக்கு வலி ஓடுறவங்களுக்கு நாங்க ஒரு டெஸ்ட் பண்ணுவோம், தலைய பின்னாடியும் வலிக்கிற பக்கமும் சாய்ச்சு லேசா அழுத்துவோம், கரண்ட் அடிச்ச மாதிரி கைக்கு ஓடுச்சுன்னா நரம்பு அழுந்துதுன்னு சந்தேகப்படுவோம். கூரை வேலை பாக்கறவங்க நாள் முழுக்க கிட்டத்தட்ட அந்த டெஸ்ட் பொசிஷன்லதான் நிக்கிறாங்க.

மைக்கேலாஞ்சலோ எவ்ளோ நாள் நின்னாரு தெரியுமா? 1508 மே மாசம் வேலைய ஒத்துக்கிட்டாரு, 1512 அக்டோபர் கடைசியில திறந்து காட்டுனாங்க. நடுவுல இடைவெளி இருந்துச்சு, இருந்தாலும் நாலு வருஷ கணக்கு. கூரை சுமார் 40 மீட்டர் நீளம், 13 மீட்டர் அகலம், தரையில இருந்து 20 மீட்டர் உயரம். சாரம் போடறதுலயே ஒரு கதை இருக்கு. பிரமாந்தேங்கற கட்டடக் கலைஞர் கூரையில ஓட்டை போட்டு கயித்துல சாரத்த தொங்கவிட்டாராம், அப்புறம் அந்த ஓட்டைய யார் அடைக்கிறதுன்னு இவர் கேட்டு அத கழட்டிட்டு, சுவத்துல தாங்கி நிக்கிற மாதிரி தானே சாரம் அமைச்சாரு. 1980ல கூரைய சுத்தம் பண்ண ஆரம்பிச்சப்போ அவர் போட்ட சுவர் ஓட்டைங்களையே மறுபடி பயன்படுத்திக்கிட்டாங்க. அந்த சாரத்துல நிமிந்து நிக்கலாம், நடக்கலாம். அவ்ளோ நல்லா யோசிச்சவராலயும் கழுத்த காப்பாத்திக்க முடியல, ஏன்னா வேலையோட தன்மை அப்படி.

அந்த கூரை ஓவியம் ஃப்ரெஸ்கோ வகை. ஃப்ரெஸ்கோன்னா ஈர சுண்ணாம்பு பூச்சு காயறதுக்குள்ள கலர் வெச்சாகணும். ஒரு நாள்ல எவ்ளோ முடியுமோ அவ்ளோ பூச்சுதான் பூசுவாங்க, அதுக்கு 'ஜொர்னாத்தா'ன்னு பேரு, ஒரு நாள் வேலைன்னு அர்த்தம். பூச்சு காயுது, கை நிறுத்த முடியாது, கழுத்து வலிக்குதுன்னு உக்காந்தா அன்னிக்கு வேலை வீண். இன்னிக்கு ஃபால்ஸ் சீலிங் வேலை பாக்கற பசங்ககிட்ட கேட்டா இதேதான் சொல்றாங்க, கலவை இறுகிரும், காண்ட்ராக்ட் ஆளு சாயந்திரத்துக்குள்ள ரூம் முடியணும்பாரு, எங்க மேடம் ரெஸ்ட் எடுக்கறதுன்னு. ரெஸ்ட் எடுங்கன்னு சும்மா வாயில சொல்ற எங்கள மாதிரி ஆளுங்க இத கொஞ்சம் யோசிக்கணும்.

கண்ணுக்கும் வெச்சிருச்சு அந்த வேலை. அவர் உயிரோட இருக்கும்போதே 1553ல கொண்டிவிங்கற சீடர் அவர் வாழ்க்கை வரலாற எழுதினாரு, வசாரிங்கற ஓவியரும் எழுதியிருக்காரு. ரெண்டு பேருமே சொல்றது, கூரை முடிஞ்சதுக்கு அப்புறம் அவரால குனிஞ்சு பாத்து கடிதம் படிக்க முடியல, தலைக்கு மேல தூக்கி புடிச்சுத்தான் படிப்பாராம். 500 வருஷத்துக்கு முன்னாடி இருந்தவருக்கு நான் டயக்னாசிஸ் சொல்லப்போறதில்ல, ஆனா ஒரே நிலையில வெச்ச உடம்பு அந்த நிலைய புடிச்சுக்கும்ங்கறத தினம் பாக்கறேன்.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். நாவல்காரங்க இந்த வலிய புனிதமாக்கிட்டாங்க, ஆனா வலி பட்ட மனுஷன் அத புனிதம்னு சொல்லவே இல்ல. பொலம்பியிருக்காரு, திட்டியிருக்காரு, படம் போட்டு காட்டியிருக்காரு. 1509 ஜனவரியில அப்பாவுக்கு எழுதின கடிதத்துல, ஒரு வருஷமா போப்கிட்ட இருந்து காசு வரல, வேலை சரியா நகரல, இது என் தொழிலே இல்லன்னு எழுதறாரு. தம்பிக்கு எழுதும்போது, உடம்பு ஓய்ஞ்சுபோச்சு, ஒழுங்கா சாப்பிடக்கூட நேரமில்லன்னு எழுதறாரு. நாவல் படிச்சு முடிச்சப்போ பெரிய மேதை ஒருத்தர பாத்த மாதிரி இருந்துச்சு, கடிதங்கள படிச்சப்போ என் வெயிட்டிங் ரூம்ல உக்காந்திருக்கற ஒருத்தர பாத்தேன். எனக்கு ரெண்டாவது ஆள இன்னும் அதிகமா புடிச்சிருக்கு.

வசாரி சொல்ற இன்னொரு சம்பவம், ஒவ்வொரு மருத்துவ மாணவருக்கும் சொல்லணும்னு தோணுது. அறுபது வயசு தாண்டி அதே சேப்பல்ல கடைசித் தீர்ப்பு ஓவியம் வரையும்போது சாரத்துல இருந்து விழுந்து கால்ல அடி. வலியும் கோவமும் சேந்து, யாரையும் வைத்தியம் பாக்க விடாம கதவ சாத்திட்டு கெடந்திருக்காரு. பாச்சியோ ரொந்தினின்னு ஒரு டாக்டர், நண்பர், கதவ தட்டி பாத்தாரு, பதில் இல்ல, வேற வழியா ஏறி ரூம் ரூமா தேடி போனா நொந்துபோய் கெடக்காரு. குணமாகற வரைக்கும் அந்த டாக்டர் அவர விட்டு நகரவே இல்லையாம். வலின்னா கதவ சாத்திக்கிற ஆளு எல்லா வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரு. நம்ம வீட்டு பெரியவங்க வலிய சொல்லலைன்னா வலி இல்லைன்னு எடுத்துக்காதீங்க, நீங்களா போய் கேளுங்க.

கை பத்தியும் சொல்லிடறேன். 2016ல ஒரு மருத்துவ இதழ்ல அவரோட வயசான கால உருவப்படங்கள வெச்சு ஆராய்ஞ்சு, இடது கையில மூட்டுத் தேய்மானம் இருந்திருக்குன்னு எழுதினாங்க. 1552ல தம்பி பையனுக்கு எழுதின கடிதத்துல எழுதறதே கஷ்டமா இருக்குங்கறாரு. இருந்தும் 1564ல 88 வயசுல இறக்கறதுக்கு சில நாள் முன்னாடி வரைக்கும் சிற்பம் செதுக்கியிருக்காரு, இப்போ மிலான்ல இருக்கற ரொந்தானினி பியத்தா, இறந்த இயேசுவ மரியா தாங்கி நிக்கிற சிற்பம், அதுதான். தொடர்ந்து வேலை பாத்ததே கை முழுசா முடங்காம காப்பாத்தியிருக்கலாம்னு அந்த கட்டுரையில சொல்றாங்க. மூட்டுத் தேய்மானம்னு சொன்ன ஒடனே கைய அசைக்காம வெச்சுக்கறவங்க இத கவனிங்க, தாங்கற அளவுக்கு அசைச்சுக்கிட்டே இருக்கறதுதான் நல்லது.

சீலிங் வேலை பாக்கறவங்களுக்கு நான் சொல்றது இவ்ளோதான். ரோலருக்கு நீள கம்பு போட்டு ரெண்டடி பின்னாடி நின்னு அடிங்க, அண்ணாந்து பாக்கறதுக்கு பதிலா சாய்வா முன்னாடி பாத்த மாதிரி இருக்கும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு நிமிஷம் கைய கீழ விட்டுட்டு, தாடைய லேசா உள்ள இழுத்து விடுங்க. சீலிங்கும் சுவரும் மாத்தி மாத்தி அடிங்க, ஒரு நாள் முழுக்க சீலிங்லயே நிக்காதீங்க. அப்புறம், கழுத்து பிடிச்சிருக்குன்னு சலூன்ல போய் நெட்டி எடுக்க சொல்லாதீங்க, தயவு செஞ்சு. திடீர்னு கழுத்த திருப்பறதுல மூளைக்கு போற ரத்தக்குழாய் கிழிய வாய்ப்பிருக்கு, அபூர்வம்தான், ஆனா வந்தா பக்கவாதம் வரைக்கும் போயிரும். கையில இருந்து பொருள் நழுவி விழுது, சட்டை பட்டன் போட வரல, நடக்கும்போது தள்ளாடுது, சிறுநீர் கட்டுப்பாடு இல்லைன்னா எங்ககிட்ட கூட வர வேணாம், அன்னிக்கே எலும்பு டாக்டரையோ நரம்பு டாக்டரையோ பாருங்க.

அந்த அண்ணன் மூணாவது தடவை வந்தப்போ போன்ல அந்த கவிதை ஓரத்து படத்த காமிச்சேன், கதையும் சொன்னேன். ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தாரு. "எட்டி எட்டி அடிச்சிருக்காரு மேடம், பாவம்"னாரு. அப்புறம், "அவருக்கு கண்ணு சரியாச்சா?"ன்னு கேட்டாரு. கொஞ்சம் கொஞ்சமா சரியாகி மறுபடி குனிஞ்சு படிக்க முடிஞ்சுதாம்னேன். தலையாட்டிக்கிட்டே போன திருப்பி குடுத்தவரு, "நீங்க சொன்ன அந்த கம்பு, ஆறடி வாங்கட்டுமா எட்டடியா?"ன்னாரு.