எவர்கிளேட்ஸைக் காக்கும் பாசிப் படலம்

காரைக்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், எவர்கிளேட்ஸ் என்னும் பரந்த சதுப்புநிலப் பகுதியில் உள்ள பழைய விமான ஓடுதளம் ஒன்றில் குடியேறிகளுக்கான தடுப்பு முகாம் அமைத்ததைச் சுற்றுச்சூழல் அமைப்புகள் ஏன் நீதிமன்றம் வரை சென்று எதிர்த்தன? ஏற்கெனவே தார் போட்ட இடம்தானே?

அந்த ஓடுதளம் 1968இல் தொடங்கிய பிரம்மாண்டமான விமான நிலையத் திட்டத்தின் எச்சம். அத்திட்டம் தெற்கு ஃபுளோரிடாவின் இயற்கையை அழித்துவிடும் என்று நீரியலாளர் லூனா லியோபோல்டு தலைமையிலான குழு 1969இல் அறிக்கை அளித்தது. அதே ஆண்டு எழுத்தாளர் மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் தொடங்கிய 'எவர்கிளேட்ஸின் நண்பர்கள்' அமைப்பும் போராடியது. திட்டம் கைவிடப்பட்டு, 1974இல் சுற்றுப்புறம் பிக் சைப்ரஸ் தேசியக் காப்பகமாயிற்று. 2025 ஜூலையில் திறக்கப்பட்ட முகாமை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் இதே அமைப்பும் உண்டு. மிக்கசுக்கி பழங்குடியினரும் பின்னர் சேர்ந்துகொண்டனர்.

நம் சிவகங்கைச் சீமையில் ஒரு கண்மாய் நிறைந்து, கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு நீர் இறங்குகிறது. எவர்கிளேட்ஸில் இயல்பாகக் கரையும் இல்லை, கலுங்கும் இல்லை. கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே சரியும் சுண்ணாம்புப் பாறையின் மேல், மழைநீர் பல கிலோமீட்டர் அகலத்துக்கு மெல்ல ஊர்ந்து செல்கிறது. ஓரிடத்தில் கலந்தது அங்கேயே நிற்பதில்லை.

அந்த நீரில் வாழும் பாசிப் படலத்தைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். நீலப்பச்சைப் பாசிகள், டயாட்டம் என்னும் நுண்பாசிகள், பாக்டீரியாக்கள் எல்லாம் பின்னிப் பிணைந்து, கோரைத் தண்டுகளைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் தடித்துத் தொங்கும் படலம் அது. பகலில் ஒளிச்சேர்க்கைக்காகப் பாசிகள் நீரிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சும்போது நீரின் காரத்தன்மை உயர்கிறது. பாறையிலிருந்து கரைந்து வந்த கால்சியம், கார்பனேட் படிகமாகப் படலத்துக்குள்ளேயே வீழ்படிகிறது. அதனால்தான் அதை விரலிடுக்கில் தேய்த்தால் நறநறக்கும். நீரிலுள்ள சொற்ப பாஸ்பரஸ் சத்தும் அந்தப் படிகங்களோடு ஒட்டிச் சிக்கிக்கொள்கிறது. ஆக, பாஸ்பரஸ் மிகக் குறைந்த நீரில் மட்டுமே வாழக்கூடிய இந்த உயிர்க்கூட்டம், நீரைத் தனக்கேற்றபடி வறியதாகவே வைத்துக்கொள்கிறது. வறண்ட மாதங்களில் நீர் வற்றினாலும் படலத்தின் அடியில் ஈரம் தங்கி நத்தைகளும் சிற்றுயிர்களும் பிழைக்கின்றன. அவற்றை உண்ணும் சிறுமீன்களை நம்பியே நாரைகள் கூடு கட்டுகின்றன.

பாஸ்பரஸ் சற்றே கூடினால் இந்த ஏற்பாடு குலைகிறது. படலம் சிதைந்து, இழைப்பாசி பெருகுகிறது. கோரையை நெருக்கித் தள்ளிவிட்டுச் சம்பு அடர்கிறது. அதனால்தான் எவர்கிளேட்ஸ் நீரில் பாஸ்பரஸின் வரம்பு லிட்டருக்கு வெறும் 10 மைக்ரோகிராம்.

இப்போது மாணவியின் கேள்விக்கு வரலாம். முகாமுக்காக ஏறத்தாழ 20 ஏக்கர் பரப்பில் புதிதாகத் தார் போடப்பட்டதாக நீதிமன்றத்தில் சாட்சியம் அளிக்கப்பட்டது. மண்ணுக்குள் இறங்க வேண்டிய மழைநீர் அங்கே எண்ணெயையும் பாஸ்பரஸ் கலந்த அழுக்கையும் அள்ளிக்கொண்டு சதுப்பில் இறங்கும் என்பதே எதிர்ப்பாளர்களின் அச்சம். சட்டப்படியான சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு நடத்தாமலே கட்டினார்கள் என்பதே வழக்கின் மையம். 2025 ஆகஸ்டில் மாவட்ட நீதிமன்றம் மேற்கொண்டு கட்டத் தடை விதித்தது. கூட்டரசின் பணம் செலவாகாததால் அந்த ஆய்வைக் கோரும் சட்டம் பொருந்தாது என்ற வாதத்தை ஏற்று, செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நிறுத்திவைத்தது. எனக்கு இதில் உடன்பாடில்லை. செலவழித்தது யாராயினும் நீரில் சேரும் பாஸ்பரஸ் ஒன்றுதான்.

அந்த 10 மைக்ரோகிராம் நம் கண்மாய்களுக்குப் பொருந்தாது; நம் மண் வேறு, நீர் வேறு. நமக்கான வரம்பை நாம்தான் அளந்து காண வேண்டும். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமலிருக்கும் வேட்டங்குடிச் சரணாலயத்துச் சிற்றூர் மக்கள் தம் பங்கைச் செய்துவிட்டார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் கொண்டுவந்த காரைக்குடியில், கண்மாய் நீரை மாதந்தோறும், பல ஆண்டுகள் விடாமல் அளக்கும் ஓர் ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவது அரசுக்கும் கொடையாளர்களுக்கும் பெரிய செலவே அல்ல.