ஹெர்பேரியத்தில் மூலிகைக்கு என்ன வேலை?

'லண்டன் கியூ தோட்டத்தில் 70 லட்சம் மூலிகைகள்' என்று ஒரு தமிழ்ச் செய்தி எங்கள் மயிலாப்பூர் மாடித்தோட்டக் குழுவில் சுற்றியது. "கற்பூரவல்லி இருக்குமா?" என்று ஒரு மாமி கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உலகில் அறியப்பட்ட பூக்கும் தாவர இனங்களே 4 லட்சத்துக்குக் குறைவு. 70 லட்சம் மூலிகைக்கு எங்கே போவது? அங்கே இருப்பவை தாளில் ஒட்டிய காய்ந்த செடிகள்; அப்படிப்பட்ட தொகுப்புக்கும் அதை வைத்திருக்கும் இடத்துக்கும் ஹெர்பேரியம் என்று பெயர். அதைத் தமிழில் 'மூலிகையகம்' ஆக்கியதால் வந்த வினை இது.

லத்தீனில் ஹெர்பா என்றால் புல், செடி. ஹெர்பேரியம் என்ற சொல் முதலில் மருந்துச் செடி நூலைக் குறித்தது உண்மைதான். 1700 வாக்கில் தூர்ன்ஃபோர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் அதை உலர்செடித் தொகுப்புக்கு வைத்தார், ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் பரப்பினார். அதற்கு முன் புழங்கிய பெயருக்கு 'உலர்ந்த தோட்டம்' என்று பொருள். சரி, வரலாறு போதும்.

மூலிகையகம் ஏன் கூடாது? மூலிகை என்றால் மருந்து. ஹெர்பேரியத்தில் வேலிக்காத்தானும் உண்டு, வெங்காயத்தாமரையும் உண்டு. அவற்றைக் கஷாயம் வைத்துக் குடிப்பார் யார்? அகராதியில் ஹெர்ப் என்பதற்கு முதலில் கண்ட பொருளை எடுத்து, வாலில் 'அகம்' ஒட்டினால் கலைச்சொல் ஆகிவிடுமா? தாவரவியல் வகுப்பிலேயே ஹெர்ப் என்றால் கட்டைத்தண்டு இல்லாத சிறுசெடிதான். மொழிபெயர்ப்பாளர்கள் ஒருமுறை அந்த அறைக்குள் போய்ப் பார்த்திருந்தால், மூலிகை வாசனைக்குப் பதில் பூச்சிமருந்து நெடி அடித்திருக்கும்.

உலர்தாவரகம் என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. மளிகைக்கடையில் உலர்திராட்சை கேட்கிறவருக்கு இதில் என்ன புரியாது? மாணவர் ஒட்டித் தரும் நோட்டுக்கு மட்டும் உலர்தாவரத் தொகுப்பு என்பேன்; அது கட்டடம் இல்லையே. 'தாவரம் வடசொல், உலர்நிலைத்திணையகம் என்று எழுது' என்பார் என் தனித்தமிழ் நண்பர். தாவரம் ஸ்தாவரத்திலிருந்து வந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் சொல்லை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். அப்புறம், மூலிகை மட்டும் எந்த ஊர்ச் சொல்லாம்? 'மூலம்' என்ற வடசொல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

1690களில் புனித ஜார்ஜ் கோட்டை மருத்துவர் சாமுவேல் பிரவுன் இந்தப் பக்கத்துச் செடிகளை உலர்த்தி லண்டனில் இருந்த செடி சேகரிப்பாளர் ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பினார். கூடவே, உள்ளூர்க்காரர்களிடம் கேட்ட தமிழ்ப் பெயர்களும் போயின. அந்தத் தாள்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. அந்த வெள்ளைக்காரருக்கு இருந்த கேட்டு எழுதும் பழக்கம் நமக்கு இல்லை. மாமிக்கு நான்தான் பதில் போட்டேன்: "இருக்கும் மாமி, ஆனால் ரசத்தில் போட முடியாது."